கோடு நெளிந்தால் பிரிக்க வேண்டுமா? – தையல் கேள்வி பதில்

ஃப்ரீ மோஷன் க்வில்டிங் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். புதியவர்களுக்காக ஒரு வரி: மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் அடுக்கி, துணியைப் பின்னால் தள்ளுகிற மெஷின் பல்லை இறக்கிவிட்டு, நம் கையாலேயே துணியை நாலா பக்கமும் நகர்த்திப் பூவும் கொடியும் நெளியுமாகத் தைப்பதுதான் இது. எழுதியவர்கள் எல்லாருமே ஆரம்பக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே வருத்தம்.

கேள்வி: மூன்று வாரமாகத் தினமும் உட்காருகிறேன். ஒரே தலையணை உறையை நாலு தடவை தைத்து நாலு தடவையும் பிரித்துவிட்டேன். கோடெல்லாம் கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. "சவத்தைத் தூக்கிப் பரணில் போடு" என்று மனசு சொல்கிறது. எனக்கு இது வருமா, வராதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வரும். முதல் வேலையாகத் தையல் பிரிக்கிற அந்த ரிப்பரை எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தைத்ததைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்படியானால் இந்த மூன்று வாரத்தில் உங்கள் கை பழகியது பிரிப்பதற்குத்தான். தைக்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை. துணியும் பாவம். ஒரே இடத்தில் ஐந்தாவது முறை ஊசி இறங்கும்போது இழை நைந்திருக்கும், ஓரம் இழுபட்டிருக்கும், உள்ளே இருக்கிற பஞ்சு துளை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். முதல் தையலை விட ஐந்தாவது மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

தப்பில் இரண்டு வகை உண்டு. துணியைக் கெடுக்கிற தப்பு ஒன்று, கண்ணுக்கு மட்டும் தெரிகிற தப்பு இன்னொன்று. அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது, அடித்துணி மடிந்து மடிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டது, கால் அங்குலத்துக்கு மேல் தையல் விட்டுப்போய் நூல் நீளமாகக் கிடக்கிறது – இந்த மூன்றையும் பிரித்தே ஆக வேண்டும். மெட்டியும் கொலுசும் அதில் மாட்டும். ஒருநாள் இழுபட்டால் ஒரு சாண் தையல் கழன்று வந்துவிடும். கோடு நெளிந்தது, ஒரு இதழ் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் போனது, கோடு கோட்டைத் தாண்டியது, முனை கூர்மையாக வராமல் மழுங்கியது, நாலு தையல் பொடியாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது – இவற்றில் ஒன்றைக்கூடப் பிரிக்காதீர்கள். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது நம் கண்ணுக்கும் துணிக்கும் ஒரு முழம்தான் தூரம். கட்டிலில் விரித்துவிட்டு வாசற்படியில் போய் நின்று பாருங்கள். எந்த இடம் என்று தேட வேண்டியிருந்தால் அந்தத் தப்பு முடிந்துபோன கதை.

இன்னொரு துணையும் இருக்கிறது, சலவை. பருத்திப் பேட்டிங் முதல் சலவையில் 100-க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். அதைப் பிடித்திருக்கிற மேல்துணி அங்கங்கே மெல்லச் சுருங்கி எழும்பும். அந்தச் சுருக்கத்துக்குள் நெளிந்த கோடு ஒளிந்துகொள்ளும். க்வில்ட்டுக்கு அழகே அந்தச் சுருக்கம்தான் என்று நினைப்பவர்கள் நிறைய. மேல்துணியை முன்னாலேயே நனைத்துச் சுருக்கிவிட்டால் இந்த விளைவு குறையும். சாயம் போகுமோ என்று சந்தேகம் இருக்கிற துணியை மட்டும் முன்னால் நனையுங்கள்.

பிரித்தே தீர வேண்டிய இடத்தில், அடிப்பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு, திருப்பி மேல் நூலை இழுத்தால் நீளமாக வந்துவிடும். ஒவ்வொரு தையலாக நெம்ப வேண்டாம். துளை தெரிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். பருத்தி இழை நகர்ந்து மூடிக்கொள்ளும்.

தலையணை உறையை இப்போதைக்கு ஒதுக்குங்கள். 14 அங்குலம் அகலம், 18 அங்குலம் நீளத்துக்கு இரண்டு காடாத் துணி வெட்டி, நடுவில் பேட்டிங் வைத்து, தினமும் 15 நிமிடம் அதில் மட்டும் தையுங்கள். மூலையில் பேனாவால் தேதி எழுதிவையுங்கள். ஒன்றையும் தூர எறிய வேண்டாம். ஒரு மாதம் கழித்து முதல் துண்டையும் கடைசித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மேலே பார்க்க நன்றாக இருக்கிறது. திருப்பினால் அடிப்பக்கம் வளைவுகளில் எல்லாம் கண் இமை முடி மாதிரி நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சில சமயம் ஒரேயடியாகக் குருவிக்கூடு. அடிநூல் சுற்றியிருக்கிற பாபினைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அலுத்துவிட்டது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அடியில் தெரிவதால் எல்லாரும் பாபினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அடியில் வளையம் நின்றால் தளர்ந்திருப்பது மேல் நூல். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. தளர்ந்த மேல் நூலைப் பாபின் நூல் கீழே இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கி இறக்குகிற கைப்பிடி. இந்த வேலைக்கு மாட்டுகிற டார்னிங் ஃபுட்டை இறக்கினாலும் அது துணியை அழுத்தாது, கொஞ்சம் மேலேயே நிற்கும். அதனால் இறக்கிவிட்டோமா இல்லையா என்றே தெரியாமல் தைக்க ஆரம்பித்துவிடுவோம். கைப்பிடி மேலே இருந்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் திறந்திருக்கும். நூலைப் பிடிக்க ஆளே இல்லை. குருவிக்கூடு கட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நூல் கோக்கும்போது மட்டும் கைப்பிடி மேலே இருக்கட்டும், அப்போதுதான் நூல் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். கோத்து முடித்ததும் இறக்கிவிட்டு, ஊசிப்பக்கம் நூலை இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது கைக்குக் கொஞ்சம் எதிர்ப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் நூல் தட்டுக்குள் போகவில்லை. கோத்ததை எடுத்துவிட்டு மறுபடி கோத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆரம்பிக்கும் விதம். ஊசியைக் கைச்சக்கரத்தால் ஒரு முறை இறக்கி ஏற்றி, பாபின் நூலை மேலே கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு நுனியையும் இடது கையால் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் மூன்று நாலு பொடித் தையல் போட்டு, அப்புறம் நகருங்கள். நுனியைப் பிடிக்காமல் ஆரம்பித்தால் அது உள்ளே இழுபட்டு முடிச்சாகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வளைவில் மட்டும் இமை முடி நிற்கிறதென்றால் கையின் வேகம். நேர்கோட்டில் நிதானமாகப் போகிற கை, வளைவில் திரும்பும்போது சட்டென்று வீசும். மெஷின் அதே வேகத்தில்தான் குத்துகிறது. நூல் பக்கவாட்டில் இழுபட்டு, ஊசியும் லேசாக வளைந்து, தையல் இறுகுவதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. திரும்பும் இடத்தில் கையை மெதுவாக்குங்கள், மிதியை வேகப்படுத்தாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் மேல் டென்ஷன் திருகைத் தொட வேண்டும். சோதனைத் துண்டில் மேலே சிவப்பு, பாபினில் நீலம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாண் நேர்கோடு, அப்புறம் ஐந்தாறு வட்டம். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷனை அரை எண் கூட்டுங்கள். மேலே நீலப் புள்ளி தெரிந்தால் அரை எண் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் வட்டம் தைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேர்கோடு எப்போதும் பொய் சொல்லும், வட்டம்தான் உண்மையைச் சொல்லும்.

மேல் திருகு கடைசி வரை போயும் சரிவரவில்லை என்றால் மட்டும் பாபின் கேஸைத் தொடுங்கள். பாபினைக் கேஸில் போட்டு, நூல் நுனியைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. கையை வெடுக்கென்று அசைத்தும் இறங்காவிட்டால் இறுக்கம். அசைத்தால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்பது சரி. கேஸ் மேல் இருக்கிற சின்ன திருகைக் கடிகாரத்தில் நிமிட முள் ஐந்து நிமிடம் நகர்கிற அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. திருப்புமுன் பழைய நிலையைப் பேனாவால் புள்ளிவைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். அந்தத் திருகு தரையில் விழுந்தால் விளக்குமாறுக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி: பதினைந்து வருடமாக ரவிக்கை தைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நேர்த்தையல் போடுவேன். இதில் மட்டும் ஒரு தையல் நீளமாகவும் ஒரு தையல் எறும்பு மாதிரியும் விழுகிறது. புதுசாகப் படிக்கிற பிள்ளைகளை விட எனக்கு மோசமாக வருகிறது. ஏன்?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: அனுபவம் இருப்பதால்தான். பதினைந்து வருடமாகத் தையல் அளவை மெஷினின் பல் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு குத்துக்கும் துணியை இவ்வளவு தள்ளு என்று நீங்கள் ஒரு எண்ணில் வைத்துவிட்டால் அது மாறாது. இப்போது பல் இல்லை. தையலின் நீளம் என்பது இரண்டு குத்துக்கு நடுவே உங்கள் கை நகர்ந்த தூரம், அவ்வளவுதான். கை வேகமாகப் போனால் நீளத் தையல், மெஷின் வேகமாகப் போனால் எறும்புத் தையல். உங்கள் கால் ரவிக்கை வேகத்தில் மிதிக்கப் பழகியது. கை துணியைத் தள்ளாமல் வழிகாட்ட மட்டும் பழகியது. இரண்டையும் புதிதாக ஜோடி சேர்க்க வேண்டும்.

அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் என்பது வைத்துக்கொள்ளக் கூடிய அளவு. ஒரு தையல் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். மிதியை நடுத்தர வேகத்தில் ஒரே சீராக வைத்துக்கொண்டு, கையை மட்டும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது தப்பு என்று தெரியாது. மெஷின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் இருந்தால் கால் சரி. மிச்சம் கையின் பாடு.

கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் கையெடுக்காமல் சிக்குக் கோலம் இழுக்கிற கைக்கு, அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்ற வழி ஏற்கெனவே தெரியும். கோட்டை எங்கேயும் அறுக்காமல் இடத்தை நிரப்புகிற க்வில்டிங்குக்கும் அந்தப் புத்திதான் வேண்டும். ஒரு வித்தியாசம்: கோலத்தில் கை நகரும், தரை நிற்கும். இங்கே ஊசி நிற்கும், தரை நகரும். ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் காகிதத்தை நகர்த்தி எழுதிப் பாருங்கள். சிரமம் எங்கே என்று உடனே புரியும்.

முதல் வாரத்துக்கு நம் எழுத்தே போதும். 'ல' என்ற எழுத்தைக் கையெடுக்காமல் வரிசையாக எழுதினால் சுருள் வரிசை வரும். 'உ' சேர்த்து எழுதினால் அலை. 'ண' மூன்று சுழிப் பயிற்சி. முதலில் காகிதத்தில் ஒரு பக்கம், அப்புறம் துணியில். அடுத்த வாரம் உங்கள் பெயரைத் தையுங்கள். கண்ணுக்கும் கைக்கும் பழகிய வடிவத்தில் தப்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை. தைக்கும்போது ஊசியைப் பார்க்காதீர்கள். சைக்கிள் ஓட்டுகிறவர் முன்சக்கரத்தைப் பார்த்தா ஓட்டுகிறார்? போக வேண்டிய இடத்தை, அரை அங்குலம் முன்னால் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் ஆச்சி காலத்துக் கறுப்பு மெஷின், கால் மிதி. இதில் செய்ய முடியுமா? பல்லை இறக்குகிற வழியும் தெரியவில்லை.
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: தாராளமாக. வளையம் போட்டு மெஷின் எம்ப்ராய்டரி செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஃபுட்டைக் கழற்றி, பல்லை ஒதுக்கி, துணியைக் கையால் ஆட்டித் தைத்த அதே வேலைதான். வளையத்துக்குப் பதில் இங்கே பஞ்சு விரிப்பு துணியை விறைப்பாக வைக்கிறது. ஆனால் ஃபுட் இல்லாமல் க்வில்டிங் செய்ய வேண்டாம்; விரலுக்கு ஆபத்து, தையலும் விடும். உங்கள் மெஷினில் ஃபுட் மாட்டுகிற தண்டுக்குப் பொருந்துகிற டார்னிங் ஃபுட் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஃபுட்டைக் கையோடு கொண்டுபோனால் உயரம் ஒத்துப்பார்க்கலாம்.

சில மெஷின்களில் மேடைக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு திருகோ குமிழோ இருக்கும், அது பல்லை இறக்கும். அப்படி இல்லாவிட்டால், தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பல்லின் மேல் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி, ஊசி இறங்க நடுவில் துளையிட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள்.

கால் மிதியில் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது பெரிய வரம். ஒன்றில் மட்டும் கவனம்: ஆரம்பிக்கும்போது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டால் நூல் சிக்கி அறுந்துவிடும். கைச்சக்கரத்தைச் சரியான பக்கம் தள்ளிவிட்டு அப்புறம் மிதியுங்கள். அடியில் பாபினோடு இருந்து மேல் நூலைப் பிடிக்கிற ஷட்டில் ஓடுகிற பள்ளத்தில் பஞ்சுத் தூசி மற்ற தையலை விட இதில் அதிகம் சேரும். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் பிரஷ்ஷால் தட்டி, நாளுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசின் மாதிரி இறுகி மெஷினைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் இரண்டு ஊசி உடைகிறது. நூல் நார் நாராக உரிந்து அறுகிறது. நடுநடுவே தையலும் விடுகிறது. மெஷினில் கோளாறா?
– வாசகி, தென்காசி

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஊசி உடைவது பெரும்பாலும் இழுப்பதால். ஊசி துணிக்குள் இருக்கும்போது கை துணியை இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் போய் இடிக்கும். க்வில்ட்டின் கனம் மேசை விளிம்பிலிருந்து தொங்கினாலும் இதே கதைதான். நீங்கள் இழுக்காவிட்டாலும் பாரம் இழுக்கும். இடது பக்கம் ஒரு ஸ்டூல், பின்னால் இன்னொரு மேசை போட்டு முழுத்துணியும் மேலேயே கிடக்கும்படி செய்யுங்கள்.

நூல் உரிவதற்கு முதல் சந்தேகம் ஊசியின் காது. மூன்று அடுக்கைத் துளைத்துப் போக 90/14 அளவு ஊசி வேண்டும். காது பெரிதாக இருக்கிற டாப்ஸ்டிட்ச் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. மெல்லிய ரவிக்கைத் துணிக்குப் போட்டிருந்த ஊசியையே வைத்துத் தைத்தால் நூல் காதில் உரசி உரசி நார் உரியும். அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த நூலையும் நம்பாதீர்கள். ஒரு முழம் இழுத்து வெடுக்கென்று பிடித்துப் பாருங்கள். கயிறு மாதிரி நிற்காமல் பட்டென்று அறுந்தால் அதைப் பிறகு பிரித்துவிடுகிற ஓட்டுத்தையலுக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய மெஷினில் ஊசித் தகட்டின் துளை ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். முன்பு ஊசி இடித்த இடத்தில் சொரசொரப்பு இருந்தால் மிக மெல்லிய எமரித் தாளை ஒரு நூலளவுக்குச் சுருட்டித் தேய்த்துச் சமனாக்கலாம். அல்லது தகட்டை மாற்றலாம்.

தையல் விடுவதற்கான காரணம் கொஞ்சம் நுட்பம். ஊசி அடிமட்டம் போய்ச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது, அதன் முதுகுப்பக்கம் நூல் ஒரு சின்ன வளையமாக உப்பும். ஷட்டிலின் மூக்கு வந்து அந்த வளையத்தைக் கொத்திக்கொண்டு போவதால்தான் தையலே உண்டாகிறது. துணி தளதளவென்று இருந்து, ஊசியோடு சேர்ந்து தானும் மேலே எழும்பினால் நூல் உப்பாது; மூக்கு வெறுங்கையோடு திரும்பும். ஆகவே ஊசி இறங்கியிருக்கும் நேரத்தில் டார்னிங் ஃபுட் துணியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரொம்ப உயரத்தில் நின்றால் இறக்கிப் பொருத்துங்கள். கைகளால் ஊசிக்கு இரு பக்கமும் துணியைத் தட்டையாக விரித்துப் பிடியுங்கள். ஊசி மழுங்கினாலும் திருப்பி மாட்டினாலும் தையல் விடும். நூல் எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கம்தான் ஊசியின் நீளப் பள்ளம் இருக்க வேண்டும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு புது ஊசி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் விலை, பாழாகிற துணியின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் விட்டால், ஷட்டில் நேரம் தவறியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: நடுவில் வைக்க இலவம்பஞ்சு போடலாமா? வீட்டிலேயே இருக்கிறது.
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். இலவம்பஞ்சு வழவழப்பு, ஒன்றோடொன்று பிடிக்காது. தையலுக்கு நடுவே உருண்டு மூலையில் சேரும், ஊசித் துளை வழியே பறக்கும். தலையணைக்கே அது ராஜா. பேட்டிங் கிடைக்காவிட்டால் பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாகவோ, ஃபிளானல் துணியை இரண்டு மடிப்பாகவோ வைக்கலாம். பழகுவதற்கு மெல்லிய அடுக்குதான் நல்லது. பட்டும் செடிபுட்டாச் சேலையும் வழுக்கும்; அவற்றின் மேல் கத்தரி வைக்குமுன் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

கேள்வி: மேல்பக்கம் நன்றாக விரித்துப் பிடித்துத்தான் தைக்கிறேன். முடித்துத் திருப்பினால் அடித்துணியில் அங்கங்கே மடிப்பு விழுந்திருக்கிறது.
– வாசகி, நாங்குநேரி

பதில்: அந்த மடிப்பு மெஷினில் விழவில்லை, தரையில் அடுக்கும்போதே விழுந்துவிட்டது. அடித்துணி ஒவ்வொரு பக்கமும் மேல்துணியை விட 3 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அதற்குக் கெட்டிக் கஞ்சி போட்டு, நன்றாக இஸ்திரி செய்துகொள்ளுங்கள். சோறு வடித்த கஞ்சியே போதும். விறைப்பான துணி மடியாது, மேசைமேல் வழுக்கியும் ஓடும். வேலை முடிந்ததும் கட்டாயம் துவைத்துவிட வேண்டும். கஞ்சியோடு மடித்துவைத்தால் ராமபாணப் பூச்சி வரும்.

வழவழப்பான சிமெண்டுத் தரையைத் துடைத்து, அடித்துணியின் தவறான பக்கம் மேலே வர விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். முதலில் நாலு பக்கத்தின் நடு, அப்புறம் மூலைகள். தட்டினால் லேசாக முரசு மாதிரி நிற்க வேண்டும். நூல் கோணும் அளவுக்கு இழுக்கக் கூடாது, இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் மேல்துணி, ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே தடவிவிடுங்கள். ஊக்கு குத்தும்போது ஒரு ஊக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே உங்கள் மூடிய கை அகலம், சுமார் 4 அங்குலம், அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். பாய்மேல் விரித்துக் குத்தாதீர்கள். பத்தமடைப் பாயாக இருந்தால் மனசு இன்னும் வலிக்கும். தைப்பதும் நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும். நாலு ஓரமும் முதலில் தைத்துவிட்டால் மிச்சத் துணிக்கு ஓட வழியில்லாமல் நடுவில் மடிந்து நிற்கும்.

கேள்வி: சாரல் நாட்களில் ஊக்குக் குத்தி வைத்திருந்தேன். வேலை தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. துணியில் துருப் புள்ளி.
– வாசகி, செங்கோட்டை

பதில்: எலுமிச்சைச் சாறும் உப்பும் புள்ளிமேல் வைத்து வெயிலில் ஒரு மணி நேரம் காயவிட்டு அலசுங்கள். சாயத் துணி என்றால் முதலில் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். இனிமேல் நாள் தள்ளும் என்று தெரிந்தால் ஊக்குக்குப் பதில் வெள்ளை நூலில் பெரிய ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டில் அளவுக்கு ஒரு போர்வை ஆரம்பித்தேன். மெஷின் கழுத்துக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. கையும் வழுக்குகிறது, தோளும் கழன்று போகிறது.
– வாசகி, வள்ளியூர்

பதில்: சாதாரண மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 6, 7 அங்குலம்தான் இருக்கும். முழுப் போர்வையைச் சுருட்டி அதற்குள் திணிப்பது கை தேர்ந்தவர்களுக்கே மல்லுக்கட்டு. 14 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தனித்தனியாக க்வில்ட் செய்து, பிறகு சதுரங்களைப் பட்டை வைத்து இணையுங்கள். ஒரு சதுரம் மோசமாகப் போனால் அதை மட்டும் மாற்றலாம். முதல் சதுரத்துக்கும் கடைசிக்கும் இருக்கும் வித்தியாசம் கண்ணை உறுத்தாதபடி நன்றாக வந்ததையும் சுமாராக வந்ததையும் கலந்து வைக்கலாம்.

வழுக்கலுக்கு, வங்கிகளில் பணம் எண்ணுவதற்கு மாட்டுகிற ரப்பர் விரலுறை இரண்டு கையிலும் ஆள்காட்டி, நடுவிரலுக்குப் போதும். நம் ஊர் வெக்கையில் முழுக் கையுறை வேர்த்து ஊறிவிடும். பிடி இல்லாததால்தான் துணியை அழுத்துகிறோம், அழுத்துவதால்தான் தோள் வலிக்கிறது. இரண்டு கைக்கும் நடுவே ஒரு தட்டு அளவு இடத்தை மட்டும் தையுங்கள். அது முடிந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, கையை இடம் மாற்றி, அப்புறம் மிதியுங்கள். ஓடுகிற மெஷினில் கையை மாற்றுகிற இடத்தில்தான் கோடு துள்ளும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் ஒரு பலகையோ தலையணையோ போட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துவிடுங்கள்.

கேள்வி: மதினிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. என் முதல் க்வில்ட் 36 அங்குலச் சதுரம். கோணல்மாணல் நிறைய. இதைக் கொடுக்கலாமா, இல்லை நன்றாக வந்தபின் வேறு தைத்துக் கொடுக்கவா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: இதையே கொடுங்கள். குழந்தை தவழ ஆரம்பிக்குமுன் போய்ச் சேர வேண்டும். கொடுக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைத் திருப்பி, உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவுங்கள். விரலில் மாட்டுகிற வளையம் ஒன்று இருந்தாலும் பிரித்துத் திரும்பத் தையுங்கள், ஏனென்றால் பச்சைப்பிள்ளையின் விரலில் நூல் சுற்றிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் வீங்கிவிடும். நூல் நுனிகளை வெறுமனே வெட்டாமல், முடிச்சுப் போட்டு ஊசியால் இரண்டு துணிக்கும் நடுவே பஞ்சுக்குள் ஓடவிட்டு வெட்டுங்கள். ஊக்கு ஒன்றுகூட உள்ளே இல்லை என்று எண்ணிச் சரிபாருங்கள். குத்தும்போது எத்தனை என்று எழுதிவைக்கவில்லையானால் காந்தத்தை மேலாக ஓட்டிப் பாருங்கள். மணி, பொத்தான் எதுவும் வைக்க வேண்டாம். தூங்குகிற கைக்குழந்தைக்குப் போர்த்துவதற்கு இது ஆகாது, விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் படுக்கப்போடத்தான் என்று மதினியிடம் சொல்லிவிடுங்கள். கடைசியாக, வெந்நீரில்லாத தண்ணீரில் ஒரு முறை அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் கயிற்றுக்கட்டிலில் பரப்பிக் காயவையுங்கள். காய்ந்து எடுக்கும்போது அந்தக் கோணல்மாணலில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.